கடல் கடந்து ஒலித்த குரல்



கோயில் நிர்வாகக் குழுவிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் தலைவர் பதவிக்கு நாம் கால வரம்பு வைப்பதுண்டு. தலைவர் தீயவர் என்பதற்காக அன்று. சாவிக் கொத்து ஒருவர் கையிலேயே தங்கிவிடலாகாது என்பதற்காகவே. நாட்டின் அதிபருக்கு வரம்பு விதிப்பதும் இக்காரணத்தால்தான். அவ்வரம்பை அதிபரே மீறினால், வெளிநாட்டில் வாழும் குடிமக்கள் என்ன செய்ய இயலும்? நம் அண்டை நாடாகிய பிலிப்பீன்ஸின் வரலாற்றைப் பார்ப்போம்.

அந்நாட்டின் பழைய அரசியல் சட்டப்படி, ஒருவர் தொடர்ந்து எட்டு ஆண்டுகளுக்கு மேல் அதிபராக இருத்தல் கூடாது. பெர்டினண்ட் மார்க்கோஸ் 1965இலும் 1969இலும் தேர்தலில் வென்றார். 1973 டிசம்பரில் அவர் விலகியிருக்க வேண்டும். ஆனால், 1972 செப்டம்பரில் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். நாடாளுமன்றம் மூடப்பட்டது, எதிர்க்கட்சியினர் சிறைப்பட்டனர். 1973 ஜனவரியில் ஊர்தோறும் கூட்டங்கள் கூட்டி, மக்களைக் கைதூக்கச் செய்து, புதிய அரசியல் சட்டம் ஏற்கப்பட்டதாக அறிவித்தார். பழைய வரம்பு மறைந்தது.

உள்நாட்டில் பத்திரிகைகளின் வாய் அடைக்கப்பட்டது. அப்போது வெளிநாட்டில் இருந்த முன்னாள் வெளியுறவு அமைச்சர் ராவுல் மங்லாபுஸ், 1973இல் அமெரிக்காவில் ‘சுதந்திர பிலிப்பீன்ஸ் இயக்கம்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். வேறு அமைப்புகளும் எழுந்தன. அமெரிக்காவில் ஏன் போராட வேண்டும்? மார்க்கோஸ் அரசுக்குப் பண உதவியும் ஆயுத உதவியும் அளித்தது அந்நாடே. கிளார்க், சூபிக் ஆகிய இடங்களில் அதற்கு இராணுவத் தளங்களும் இருந்தன. ஆதலால், உதவுகிறவர் வாசலிலேயே நின்று முறையிட்டனர். 1982இல் மார்க்கோஸ் வாஷிங்டனுக்கு வந்தபோதும் கண்டனக் குரல் எழுந்தது.

தூரத்தில் இருப்பவருக்கு ஆபத்தில்லை என எண்ணிவிடலாகாது. மார்க்கோஸை எதிர்த்த சில்மே டொமிங்கோ, ஜீன் வியர்னஸ் என்னும் பிலிப்பீன்ஸ் வம்சாவளித் தொழிற்சங்கவாதிகள் இருவர், 1981 ஜூன் 1ஆம் நாள் சியாட்டல் நகரில் சுடப்பட்டு உயிரிழந்தனர். அக்கொலைக்கு மார்க்கோஸ் தரப்பு பொறுப்பென்று 1989இல் அமெரிக்க நீதிமன்ற நடுவர் குழு தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் மூன்றாண்டுகள் தங்கியிருந்த எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ, 1983 ஆகஸ்டு 21இல் தாயகம் திரும்பினார். மணிலா விமான நிலையத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

1986 பிப்ரவரியில் மணிலாவின் வீதிகளில் மக்கள் இலட்சக்கணக்கில் திரண்டனர். இராணுவத்தின் ஒரு பகுதியும் அவர்கள் பக்கம் சேர்ந்தது. மார்க்கோஸ் ஹவாய்க்கு ஓடினார். ஆட்சியை வீழ்த்தியவர்கள் உள்நாட்டு மக்களே. இதை நாம் மறத்தலாகாது. வெளிநாட்டில் இருந்தோர் செய்தது, அநீதியை உலகம் மறந்துவிடாமல் காத்ததாகும்.

1987இல் வந்த அரசியல் சட்டம் இரு பாடங்களைப் பதிந்து வைத்தது. அதிபருக்கு ஆறாண்டு, மறுமுறை போட்டியிட முடியாது. வெளிநாட்டில் வாழும் குடிமக்களுக்கும் வாக்களிக்க வழி செய்ய வேண்டும். இரண்டாவது ஏற்பாட்டிற்கான சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. 2004 தேர்தலில் அவர்கள் முதன்முறையாக வெளிநாட்டிலிருந்தே வாக்களித்தனர். ஒரு காலத்தில் தூதரகத்தின் முன் பதாகை ஏந்தி நின்ற மக்கள், இப்போது வாக்குச் சீட்டுடன் அதனுள்ளே சென்றனர்.

விதியை எழுதி வைத்தால் மட்டும் போதாது, நேயர்களே. அதை நினைவூட்டுவோரும் வேண்டும்.