நாலு எம்பியில் ஆறரைக் கோடி வருஷம்: க்ரோனோ ட்ரிகர் பற்றி

போன கோடை லீவில் ஒரு சின்ன சோதனை செய்து பார்த்தேன். ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள முடியாது, சாம்பிள் சைஸ் ஒன்றே ஒன்று. அக்கா பையன், ஒன்பதாவது முடித்தவன், இருபது நாள் காணையில் எங்க வீட்டில் இருந்தான். அவன் ஃபோனில் க்ரோனோ ட்ரிகரைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், நீயே விளையாடு என்று சொல்லிவிட்டேன்.

எதற்கு இந்த வேலை? ரொம்ப நாளாக மனதில் ஒரு சந்தேகம். 1995இல் வந்த ஒரு ஜப்பானிய வீடியோ கேமை முப்பது வருஷமாக உலகம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. 2019இல் ஜப்பானின் ஃபாமிட்சு பத்திரிகை, ஹெய்செய் காலத்தின் (1989 முதல் 2019 வரை) சிறந்த கேம் எது என்று ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வாசகர்களிடம் கேட்டபோது முதலிடம் இதற்குத்தான். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் வீரர்கள் அணிவகுத்து வந்தபோது இதன் இசையும் ஒலித்தது. இதெல்லாம் வெறும் பழைய நினைப்பா, இல்லை உண்மையிலேயே சரக்கு இருக்கிறதா? நாற்பதைத் தாண்டிய என்னைப் போன்ற ஆளுக்கு அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால்தான் பையனைப் பிடித்தேன்.

(கதையின் முக்கியமான திருப்பங்களைக் கீழே சொல்லப் போகிறேன். விளையாட எண்ணம் இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

முதலில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. ஃபைனல் ஃபேன்டஸியை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சி, டிராகன் குவெஸ்ட்டை உருவாக்கிய யூஜி ஹோரீ, டிராகன் பால் வரைந்த அகிரா தோரியாமா. இந்த மூணு பேரும் 1992இல் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் பற்றித் தெரிந்துகொள்ள அமெரிக்கா போன இடத்தில், சேர்ந்து ஒன்று செய்யலாமே என்று முடிவெடுத்தார்கள். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் ரஜினி, கமல் படத்துக்குப் போட்டி ராஜாக்களே ஒன்றாக உட்கார்ந்து கதை எழுதின மாதிரி. 1995 மார்ச் 11 அன்று சூப்பர் ஃபாமிகாம் கருவிக்காக ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்டது. அதே வருஷம் ஆகஸ்டில் அமெரிக்காவுக்கும் வந்தது.

இந்தியாவுக்கு வரவில்லை. எனக்கு அது வந்த வழி வேறு. இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில், மூணு ஃப்ளாப்பியில் துண்டு துண்டாக வெட்டி ஒரு சீனியர் கொண்டுவந்தார். மூணாவது ஃப்ளாப்பி படிக்க மறுத்தது. மறுபடி ஒரு வாரம் காத்திருந்து, இன்னொரு பிரதி வாங்கி, லேபில் யாரும் இல்லாத நேரம் பார்த்து எமுலேட்டரில் ஓட்டினோம். திருட்டுப் பிரதிதான், மறைப்பதற்கில்லை. 2018இல் பிசி பதிப்பு வந்ததும் முதல் வேலையாகக் காசு கட்டி வாங்கிப் பாவத்தைக் கழுவினேன்.

முழு கேமும் 32 மெகாபிட், அதாவது நாலு எம்பி. இன்றைக்கு ஃபோனில் எடுக்கும் ஒரு ஃபோட்டோ அந்த அளவு இருக்கும். ஓடும் கருவியின் நினைவகம் 128 கேபி. இதற்குள் கி.மு. 6,50,00,000, கி.மு. 12,000, கி.பி. 600, 1000, 1999, 2300 என்று ஆறு காலங்கள். 1999இல் லாவோஸ் என்ற ராட்சச உயிர் பூமிக்கடியிலிருந்து வெளியே வந்து உலகத்தை அழிக்கிறது. 1000இல் வாழும் க்ரோனோ என்ற பையனும் அவன் கூட்டாளிகளும் அது நடக்காமல் தடுக்க வேண்டும். கதையை ஒரு வரியில் சொன்னால் இவ்வளவுதான்.

எனக்கு இதில் முதலில் பிடித்தது அதே வரைபடம் திரும்பத் திரும்ப வருவது. 600இல் பார்த்த பாலம் 1000இலும் இருக்கும். 2300இல் எல்லாம் சாம்பல். எங்க மாவட்டத்துக்காரனுக்கு இது புரிவது கஷ்டமே இல்லை. திருவக்கரைக்குப் போனால் கல்லாகிப் போன மரங்கள் படுத்துக் கிடக்கின்றன, இரண்டு கோடி வருஷம் பழையவை. கீழ்வாலையில் பாறை ஓவியம். மண்டகப்பட்டில், சரியாக அந்த கி.பி. 600ஐ ஒட்டி, மகேந்திரவர்மன் செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் பாறையைக் குடைந்த கோயில். 1000ஐ ஒட்டி எண்ணாயிரம், ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டில் 340 மாணவர்கள் படித்த கல்லூரி. ஒரே நாளில் டூவீலரில் சுற்றி வந்துவிடலாம். என்ன, எதையும் மாற்றத்தான் முடியாது.

மாற்றுவது என்று வரும்போதுதான் இந்த கேமின் புத்திசாலித்தனம் தெரியும். டைம் டிராவல் கதை எழுதுவதில் பெரிய சிக்கல், ஒன்றை மாற்றினால் எல்லாமே மாறணும். 2015இல் வந்த ‘இன்று நேற்று நாளை’ படத்தில் ஒரு சின்னக் குறுக்கீட்டால் சாக வேண்டிய ரவுடி பிழைத்துவிடுவான், அந்த ஒரே விளைவைச் சமாளிக்கவே மீதிப் படம் முழுக்க ஓடும். படத்திலாவது ஒரே பாதை. கேமில் விளையாடுபவன் எதை எப்போது செய்வான் என்று யாருக்கும் தெரியாது. 128 கேபியில் உலகத்தையே மறுபடி கணக்குப் போட முடியுமா?

போடவில்லை. ரசிகர்கள் இந்த கேமைப் பிரித்து மேய்ந்திருக்கிறார்கள், டெம்போரல் ஃப்ளக்ஸ் என்று தனியாக எடிட்டரே எழுதினார்கள். உள்ளே இருப்பது நம்ம தினசரி பார்க்கும் சமாச்சாரம்தான்: கொடி மாறிகள். ‘இது நடந்ததா, இல்லையா’ என்று ஒரு பிட். 600இல் நீங்கள் ஒன்று செய்தால் ஒரு பிட் பூஜ்யத்திலிருந்து ஒன்றாகும். 1000இல் ஒரு வீட்டுக் கதவைத் திறக்கும்போது நிரல் அந்த பிட்டைப் பார்த்துவிட்டு, இந்த மனுஷனா அந்த மனுஷனா என்று முடிவெடுக்கும். டைம் மெஷின் என்பது ஒரு இஃப் கண்டிஷன்.

சப்பென்று ஆகிவிட்டதா? எனக்கு இது தெரிந்த பிறகுதான் மரியாதை கூடியது. ஏனென்றால் எந்த பிட்டை வைப்பது என்பதில்தான் எழுத்தாளன் இருக்கிறான். ஒரு உதாரணம். நிலாக்கல் என்று ஒன்றை ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் வெயில் விழும் குகையில் வைத்துவிட்டு வர வேண்டும். காலங்காலமாக ஒளியைக் குடித்து 2300இல் அது சூரியக்கல் ஆகியிருக்கும். சோலார் பேனல் சார்ஜ் ஆகிற மாதிரி. போய்ப் பார்த்தால் கல்லைக் காணோம். 1000இல் போர் என்ற ஊரின் மேயர் எடுத்து வைத்திருக்கிறார், கேட்டால் தர மாட்டார், மகா கஞ்சன். சண்டை போட்டு வாங்க முடியாது. 600க்குப் போய் அவருடைய மூதாதைப் பெண்மணிக்கு உப்புக்கண்டம் ஒன்றைக் காசு வாங்காமல் சும்மா கொடுக்க வேண்டும். அவள் நெகிழ்ந்துபோய், பிள்ளைகளைக் கொடுக்கும் குணத்தோடு வளர்ப்பேன் என்பாள். திரும்பி 1000க்கு வந்தால் மேயர் தாராள மனசுக்காரர், கல்லைத் தானே எடுத்துக் கொடுப்பார். விலை சொல்லி விற்றாலோ கல் கிடைக்காது. உள்ளே ஒரே ஒரு பிட்.

பையன் உப்புக்கண்டத்தை முதலில் விற்றான். இந்தக் காலத்துப் பிள்ளை.

ஆனால் அவனை முதலில் பிடித்துப் போட்டது இது இல்லை, கோர்ட் சீன். கேம் ஆரம்பத்தில் ஒரு திருவிழா. நாம் பாட்டுக்கு சுற்றுவோம். ஒரு பெண்மேல் மோதிவிடுகிறோம், அவள் பதக்கம் கீழே விழுகிறது. முதலில் அவளைப் பார்த்துப் பேசினோமா, பதக்கத்தை எடுத்தோமா? மேஜையில் யாரோ ஒரு பெரியவரின் மதிய சாப்பாடு இருக்கிறது, தின்றோமா? ஒரு குட்டிப் பெண்ணின் பூனையைக் கொண்டுபோய் விட்டோமா? இந்த வகை கேமில் கண்டதையெல்லாம் எடுப்பதும் திறப்பதும் வழக்கம்தானே, யாரும் யோசிப்பதில்லை. சில மணி நேரம் கழித்து நம்மைக் கைது செய்து கூண்டில் ஏற்றி, அந்தப் பெரியவரையும் குட்டிப் பெண்ணையும் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். ஏழு ஜூரிகள் ஒவ்வொருவராக வந்து குற்றவாளி, நிரபராதி என்று பக்கம் பிரிந்து நிற்பார்கள்.

“மாமா, அந்தச் சாப்பாட்டை நான் தின்னது இவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். முகம் நிஜமாகவே வெளிறியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், தீர்ப்பு எப்படி வந்தாலும் ஜெயில்தான், கதை அதே பாதையில்தான் போகும். மாறுவது நம்மைப் பற்றி நமக்கே இருக்கும் எண்ணம் மட்டும்.

இசையைப் பற்றி எழுதாவிட்டால் ரசிகர்கள் அடிக்க வருவார்கள். யாசுனோரி மிட்சுடா அப்போது ஸ்கொயரில் சத்தங்கள் அமைக்கும் வேலையில் இருந்த சின்னப் பையன். இசையமைக்க விடுங்கள், இல்லையென்றால் வேலையை விடுகிறேன் என்று சகாகுச்சியிடமே போய் நின்றார். சரி, இதைச் செய் என்று கொடுத்துவிட்டார்கள். ஹார்ட் டிஸ்க் போய் நாற்பது பாட்டுக்கான வேலை அழிந்தது. ராத்திரி பகலாக உழைத்து வயிற்றுப் புண் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார், மீதியை நோபுவோ உவேமட்சு முடித்துக் கொடுத்தார். எட்டு சேனல், 64 கேபி ஒலி நினைவகத்தில் இவ்வளவா என்று இப்போது கேட்டாலும் தோன்றுகிறது. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

சண்டைகள் பற்றியும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எதிரிகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்தே நிற்பார்கள், நின்ற இடத்திலேயே சண்டை. அன்றைக்கு இது புதுசு. இன்றைய பையனுக்கு அது புதுசே இல்லை, “போரு” என்றான்.

இனி நான் எழுதத் தயங்கிக்கொண்டிருந்த பகுதி.

கதையின் பிற்பகுதியில் ரோபோ என்ற இயந்திரம், 600இல் ஒரு பாலைவனத்தைக் காடாக்க ஒப்புக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். நமக்கு ஒரு நொடிப் பயணம், அதற்கு நானூறு வருஷ உழைப்பு. 1000இல் போய்த் துருப்பிடித்த அதைத் தூக்கி வந்து, ராத்திரி தீ மூட்டி எல்லாரும் உட்கார்ந்து பேசுவார்கள். எல்லாரும் தூங்கிய பிறகு லுக்கா என்ற பெண் முன்னால் மட்டும் ஒரு வாசல் திறக்கும். அவள் சின்னப் பிள்ளையாக இருந்த ஒரு நாள். அம்மாவின் துணி இயந்திரத்தில் மாட்டிக்கொண்டது, நிறுத்தும் சங்கேத வார்த்தை குழந்தைக்குத் தெரியவில்லை, அம்மாவின் கால்கள் போயின. இப்போது அதே அறையில் சில நொடிகள் கிடைக்கின்றன. சங்கேதம் அம்மாவின் பெயர், லாரா. எல், ஏ, ஆர், ஏ: அந்தக் கருவியின் கன்ட்ரோலரில் இருக்கும் பொத்தான்களே எழுத்துகள்.

எங்கம்மாவுக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. நான் எட்டாவது படிக்கும்போது, வெல்லம் காய்ச்ச ஆலையில் கரும்பு விட்டுக்கொண்டிருந்தவரின் கை உள்ளே போய்விட்டது. மோட்டார் ஸ்டார்ட்டர் பக்கத்தில் நின்றவன் நான். எந்தப் பட்டனை அழுத்துவது என்று தெரியாமல் நின்றேன். அப்பா ஓடிவந்து நிறுத்தினார்.

ஹாஸ்டலில் இந்தக் காட்சி வந்தபோது நான் கீபோர்டில் எல், ஏ, ஆர், ஏ என்று அடித்தேன். எமுலேட்டரில் அந்தப் பொத்தான்கள் வேறு கீகளில் மாற்றி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றும் நடக்கவில்லை. நேரம் முடிந்துவிட்டது. கேம் தோற்கவில்லை, கதை நிற்கவில்லை, தொடர்ந்து போகிறது. அதுதான் தாங்க முடியவில்லை. லேபை விட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அக்கா பையன் இந்த இடத்துக்கு வந்தது லீவின் கடைசி வாரத்தில், திண்ணையில். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். பையன் தடுமாறி நேரத்தை விட்டுவிட்டான். “ஆயா, இவ நிறுத்தாம விட்டுட்டா” என்று என்ன நடந்தது என்பதை விளக்கினான். அம்மா ஃபோனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அது என்னடா பண்ணும், சின்னப் புள்ள. பெரியவங்கதான் பார்த்து நடந்திருக்கணும்” என்று சொல்லிவிட்டு மறுபடி முறத்தைப் பார்க்க ஆரம்பித்தார். என் பக்கம் திரும்பவில்லை. நான் தண்ணி குடிக்க உள்ளே போனேன்.

பையன் சேவ் செய்த இடத்திலிருந்து மறுபடி ஓட்டி, இரண்டாவது தடவை லாராவைக் காப்பாற்றிவிட்டான்.

சோதனையின் முடிவைக் கேட்டால்: அவனுக்கு சண்டை பிடிக்கவில்லை, முதல் ஒரு மணி நேரம் கொட்டாவி விட்டான், படங்கள் புள்ளி புள்ளியாக இருக்கின்றன என்று குறை. ஆனாலும் யாரும் சொல்லாமல் தினம் அவனே எடுத்தான். இருபத்தைந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் அளவு, அதே கதையைப் பலத்தோடு திரும்ப ஆரம்பிக்கும் வசதி, எப்போது லாவோஸை வீழ்த்துகிறோமோ அதைப் பொறுத்துப் பத்துக்கும் மேல் முடிவுகள். இவையும் ஒரு காரணம்தான். ஆனால் அவன் என்னிடம் வந்து பேசியதெல்லாம் உப்புக்கண்டம், சாப்பாடு, லாரா. நான் இருபது வயதில் பேசியதும் அதே மூன்று. பழைய நினைப்பு என்றால் அது அவனுக்கு எங்கிருந்து வந்திருக்கும்?

இதற்கெல்லாம் முன்னால், லீவுக்கு நடுவே அவன் திண்டிவனம் போயிருந்தபோது ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு ஃபோன். கி.மு. 12,000இல் கடல் அரண்மனையில் நிற்கிறானாம்.

“மாமா, க்ரோனோ செத்துட்டான். ஹீரோ மாமா அவன். ஃபோன் ஏதாவது ஹேங் ஆயிடுச்சா?”

“இல்லடா.”

“அப்புறம் யாரை வச்சு விளையாடுறது?”

“மீதி ஆளுங்க இருக்காங்கல்ல.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அவனைத் திரும்பக் கொண்டுவராமலே கேமை முடிக்கலாமா?”

“முடிக்கலாம். முடிக்க விடுவாங்க.”

“நான் முடிக்க மாட்டேன்” என்று வைத்துவிட்டான்.