காணொளியைச் சுருக்கும் முறை



ஆசிரியர் நடத்தும் முக்கால் மணி நேரப் பாடம் ஒன்றைக் காணொளியாகப் பதிவு செய்வதாகக் கொள்வோம். எதையும் சுருக்காமல் அதை அப்படியே சேமித்தால் எவ்வளவு இடம் வேண்டும்? முழு உயர்தெளிவுப் படம் ஒன்றில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவைக் குறிக்க மூன்று பைட்டுகள் தேவை. ஆகவே ஒரு படத்துக்கு ஏறத்தாழ 62 இலட்சம் பைட்டுகள் ஆகும். நொடிக்கு 25 படங்கள் என்றால், பாடம் முழுமைக்கும் ஏறக்குறைய 420 ஜிகாபைட் ஆகிறது. அதே பாடத்தையோ நாம் 200 மெகாபைட்டில் அடக்கிக் கைத்தொலைபேசியில் பார்க்கிறோம். ஈராயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டோம்! இச்சுருக்கம் எவ்வாறு கைகூடுகிறது, அதில் நாம் எதை இழக்கிறோம் என்பவற்றை அறிந்தாலன்றி, மென்பொருளின் அமைப்புகளைச் செவ்வனே தேர்ந்தெடுக்க இயலாது.

முதலாவது வழி, மாறியதை மட்டும் குறிப்பது. நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் நாள்தோறும் நாற்பது பெயர்களையும் கரும்பலகையில் எழுதுகிறோமா? வராதவர் மூவரின் பெயரை எழுதினால் போதுமன்றோ? காணொளியிலும் அவ்வாறே, ஒரு படம் முழுமையாக எழுதப்படுகிறது. அடுத்துவரும் படங்களில், ஆசிரியரின் கை எங்கே நகர்ந்தது என்பது போன்ற மாற்றங்கள் மட்டுமே குறிக்கப்படுகின்றன. முழுமையாக எழுதப்படுவதை முதன்மைச் சட்டம் என்போம்.

இரண்டாவது வழி, ஒரே படத்தினுள் சுருக்குவது. படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் பரந்த நிறமாகவும் நுண்ணிய விளிம்பாகவும் பகுத்தறியும் கணிதமுறை ஒன்றுண்டு. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர் அமெரிக்காவில் பணியாற்றியபோது 1974ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். இன்று நாம் காணும் காணொளிகளில் மிகப் பல இம்முறையையோ அதனை ஒட்டியதொரு முறையையோ கையாளுகின்றன.

இவ்வாறு பகுத்தபின் மூன்றாவது வேலை நடைபெறுகிறது. கடைக்காரர் சில்லறையை விட்டுவிட்டு முழு ரூபாயாகக் கணக்கை முடிப்பதுபோல, கிடைத்த எண்களைத் தோராயமாக்கிவிடுகின்றனர். இழப்பு நேர்வது இங்கேதான். முதலில் பலியாவன நுண்ணிய விளிம்புகளே. சுண்ணக்கட்டியால் எழுதிய எழுத்து முழுவதும் விளிம்பால் ஆனது என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி அமைப்புகளுக்கு வருவோம். எம்.பி.4 என்பது உறை, எச்.264 என்பது அதனுள் இருக்கும் கடிதத்தின் மொழி. உறை எதுவாயினும், பெறுபவர் அம்மொழியை அறிந்திருத்தல் வேண்டும். 2003இல் வெளிவந்த எச்.264ஐப் பழைய தொலைபேசிகள் பலவும் படிக்கும். 2013இல் வந்த எச்.265, 2018இல் வந்த ஏ.வி.1 ஆகியவை மேலும் சுருக்கவல்லவை. ஆயினும் அவற்றைச் சுருக்க நேரம் மிகுதியாகும். பழைய கருவிகள் பல அவற்றைக் காட்டமாட்டா.

அடுத்தது தரம். எக்ஸ்264 என்னும் மென்பொருளில் 0 முதல் 51 வரை ஓர் எண்ணளவு உண்டு. எண் கூடினால் தரம் குறையும். இயல்பாக வைக்கப்பட்டிருப்பது 23. ஆறு கூட்டினால் கோப்பின் அளவு ஏறத்தாழப் பாதியாகும். தரத்தை நாம் குறித்து, அளவை மென்பொருளிடம் விடும் வழி இது. மாறாக, அளவை நாம் உறுதியாக வரையறுக்க வேண்டுமாயின் நொடிக்கு இத்தனை கிலோபிட் என்று வீதத்தைக் குறித்து, இருமுறை ஓடவிடுதல் நன்று. முதல் ஓட்டத்தில் எளிய பகுதி எது, கடிய பகுதி எது என்று மென்பொருள் அறிந்துகொள்ளும். இரண்டாவதில் அதற்கேற்பப் பங்கிடும். ‘வேகம்’ என்று ஓர் அமைப்பு இருக்கும். மெதுவானதைத் தேர்ந்தால் கணினி அதிக நேரம் உழைத்து, அதே தரத்தைப் பெரும்பாலும் சிறிய கோப்பில் தரும். முதன்மைச் சட்டங்களை நெருக்கமாக வைத்தால் கோப்புப் பெருக்கும். ஆனால் வேண்டிய இடத்துக்கு விரைவாகத் தாவலாம்.

இவையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். பணி ஓய்வுக்குப் பின், சிற்றூர்ப் பள்ளிகளுக்குக் கணிதப் பாடங்களைப் பதிவு செய்து அனுப்பும் ஆசிரியர் சிலருக்கு நான் துணைபுரிந்து வருகிறேன். ஒரு பாடம் நொடிக்கு 150 கிலோபிட் வீதத்தில் சுருக்கப்பட்டு வந்தது. அதில் எழுத்துக்கு மேலுள்ள அடுக்கு இரண்டா மூன்றா என்பது புலப்படவில்லை. பிள்ளைகள் சிலர் மூன்றென்றே எழுதிக்கொண்டனர். மற்றொரு பாடம் தரம் குன்றலாகாதென்று மூன்று ஜிகாபைட்டாக வந்தது. நாளொன்றுக்கு ஒரு ஜிகாபைட் மட்டுமே பெறும் வீட்டுப் பிள்ளை அதனைத் திறக்கவே இல்லை. முன்னது தவறாகக் கற்பித்தது. பின்னது கற்பிக்கவே இல்லை.

முதற்பாடத்தை நான் கூர்ந்து பார்த்தபோது வேறோர் உண்மையும் தெரிந்தது. பலகைக்கு அருகே சன்னல் திறந்திருந்தது; வெளியே வேப்பங்கிளை ஓயாமல் ஆடியது. ஒவ்வோர் இலையின் அசைவும் மென்பொருளுக்கு ஒரு மாற்றமே. இலை வேண்டாதது, எண் வேண்டியது என்று அது அறியுமா? குறைந்த வீதத்தில் கிடைத்த பிட்டுகளில் பெரும்பங்கை இலைகளே உண்டுவிட்டன. சன்னலைச் சாத்தி, படக்கருவியை முக்காலியில் அசையாது நிறுத்தி, எழுத்தைப் பெரிதாக்கி மீண்டும் பதிந்தனர். 1,280க்கு 720 புள்ளிகள், தர எண் 23, பேச்சுக்கு ஒற்றைத் தடத்தில் 64 கிலோபிட் என அமைத்ததும், பாடம் 200 மெகாபைட்டுக்குள் அடங்கியது. அடுக்கும் தெளிவாகத் தெரிந்தது.

மாணவர்களே, நீங்கள் சுருக்கும்போது முழுப் பதிவையும் உடனே ஓடவிடாதீர்கள். மிகக் கடினமான ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்துச் சுருக்கி, பார்ப்பவர் கையிலுள்ள கருவியிலேயே பாருங்கள். படிக்க முடிகிறதா என்பதே தேர்வு. மூலப் பதிவை ஒருநாளும் அழித்துவிடாதீர்கள். சுருக்கியதையே மீண்டும் சுருக்கினால், படியைப் பார்த்துப் படியெடுத்த ஓலைச்சுவடியில் பிழை பெருகுவதுபோல, ஒவ்வொரு முறையும் குறை கூடும். தோராயத்தில் விட்டதை எந்த மென்பொருளாலும் உள்ளபடியே மீட்டுத் தர இயலாது. எதை விடலாம், எதை விடலாகாது என்று அறிந்து சொல்லவேண்டியவர், அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் நீங்களே.