தறப்பாள் எங்கே கிழியும்?

தறப்பாள் நடுவில் கிழிவது அபூர்வம். கயிறு கட்டிய ஓட்டையில்தான் முதலில் வாய் பிளக்கும். 2009இல் செட்டிகுளம் மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் மாரியைக் கழித்தவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஓட்டை பிய்ந்துவிட்டால் ஒரு கைமருந்து உண்டு: கூழாங்கல்லொன்றைத் தறப்பாளுக்குள் வைத்துப் பொட்டலமாகத் திரட்டி, அதன் கழுத்தில் கயிற்றை இறுக்குவது. இழுவை ஒரு புள்ளியில் விழாமல் கல்லைச் சுற்றிப் பரவுவதால் பிளாஸ்டிக் இழை தாக்குப்பிடிக்கும்.

ஏ9 வீதியோரம் வானை நிறுத்தி, அதன் கூரையிலிருந்து தறப்பாளை இழுத்துக் கட்டிக் கடை போடுகிறவர்களுக்கும் இதே தொல்லைதான். மணிக்கு 60 கிலோமீற்றர் வாடைக்காற்று 6 சதுர மீற்றர் தறப்பாளைத் தள்ளும் விசை கிட்டத்தட்ட 100 கிலோ எடைக்குச் சமம். அதில் பாதி வான் பக்கம் வந்தால், நாலு ஓட்டைகளும் ஆளுக்குப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டும்.

மேலைநாட்டுப் பயண வண்டியான காரவனில் ஓட்டையே இல்லை. கூரை விளிம்பில் 3 மீற்றர் அலுமினியச் சட்டம். அதில் வாய் ஒடுங்கி உள்ளே அகன்ற ஒரு பள்ளம். பந்தல் துணியின் ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்து, அதைப் பள்ளத்தின் ஒரு முனையால் நுழைத்து இழுத்துவிடுவார்கள். பாய்மரத்தில் பாய் ஏற்றும் அதே உத்தி. முன் சொன்ன 50 கிலோ இப்போது 300 சென்ரிமீற்றருக்குப் பங்காகிறது: சென்ரிமீற்றருக்கு 170 கிராம்கூட இல்லை. கூழாங்கல்லை நீட்டி ஒரு கோடாக்கியது போலத்தான்.

துணி தப்பியது, சரி. ஆனால் அதே சட்டத்தை நம் வானில் பூட்டக் கூரையில் ஓட்டை போட்டாக வேண்டுமே! வெயிலில் 60 பாகை வரை சுட்ட சட்டம் திடீர் மழையில் 25க்கு இறங்கினால் 2.4 மில்லிமீற்றர் சுருங்கப் பார்க்கும். அடியிலுள்ள இரும்புக் கூரையோ அதில் பாதிதான். இந்த இழுபறியில், காய்ந்து இறுகும் பசை வெடித்துவிடும். அதனால்தான் என்றும் இளகியே இருக்கும் பியூட்டைல் பட்டியை அடியில் வைத்துப் பூட்டுகிறார்கள்.

முல்லைத்தீவுக் கரையில் நிற்கும் வண்டிக்கு இன்னொரு வில்லங்கம். உப்பு ஈரத்தில் அலுமினியமும் துருப்பிடிக்காத இரும்புத் திருகாணியும் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சின்ன பற்றரி, கரைவது அலுமினியம். திருகாணித் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கழற்றித் துடைத்து, நைலோன் வளையம் போட்டு, புதுப் பட்டியோடு பூட்டலாம். பொடியின் மேலேயே பசையை அப்புவது பயனற்றது; உள்ளே ஈரத்தை அடைத்து வைத்ததாகத்தான் முடியும்.

மற்றபடி பராமரிப்பு லேசு. நல்ல தண்ணீரால் பள்ளத்தின் மணலைக் கழுவி, கயிற்று விளிம்பில் மெழுகுதிரித் துண்டைத் தேய்த்துவிட்டால் துணி வழுக்கிக்கொண்டு போகும். பந்தலைச் சரிவாக இழுத்துக் கட்டுங்கள். ஒரு சதுர மீற்றர் குழியில் 5 சென்ரிமீற்றர் மழைநீர் தேங்கினாலே 50 கிலோ.