மாண்டலினும் கோடைப் பயிற்சியும்

எச்செயலும் அதற்குரிய ஆயத்தத்தினாலேயே சிறக்கும் என்பதை ஒப்பாதார் இல்லை. ஒப்புவது எளிது, அவ்வாறு ஒழுகுவதே அரிது. எம் ஊராகிய அவிநாசியில் சித்திரைத் திங்களில் நிகழும் தேர்த்திருவிழாவைக் கண்டோர் இதனை நன்கறிவர். தேர் வீதியில் உருளும் பொழுது சிறிதே. அதற்கு முன்னரே தச்சரும் கொல்லரும் சக்கரத்தையும் அச்சையும் ஆராய்கின்றனர். வடம் வந்து சேர்கின்றது. சாரங் கட்டிச் சீலைகளால் அலங்கரிக்கின்றனர். முட்டுக்கட்டை இடுவோர் தத்தம் இடத்தை வரையறுத்துக்கொள்கின்றனர். இவற்றுள் ஒன்று குறையினும், எத்துணைப் பேர் வடம் பிடித்தும் பயனில்லை. ஏழு நாள் நிகழும் கோடைப் பயிற்சி முகாமும் இத்தகையதே. மாண்டலின் பயிலும் மாணாக்கர் அத்தகைய முகாமிற்கு எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்ளல் வேண்டும் என்பதனை, யாம் பட்டறிந்தவாறே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

முதற்கண் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். மாண்டலின் இத்தாலி நாட்டிற் பிறந்தது. 18-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரத்துத் தொழிலாளர் கையில் உருப்பெற்று உலகெங்கும் பரவியது. உடல் சிறிது, கழுத்தில் மெட்டுக்கள் பதித்திருக்கும், எஃகுத் தந்திகள் எட்டும் இரண்டிரண்டாக நான்கு இணையாய் நிற்கும். வலக்கையிற் பிடித்த சிறு வில்லையால் அவற்றை மீட்டுவர். மேனாட்டு முறையில், வயலினிற் போலவே, ஒவ்வோர் இணையும் தனக்குக் கீழ்ச்சுருதியிலுள்ள இணைக்குப் பஞ்சமமாக நிற்கும். பண்டைத் தமிழ் இசைநூலார் குரல் என்றும் இளி என்றும் வழங்கிய இரு நரம்புகளின் உறவும் இதுவே. ஆதலின் கருவி அயல்நாட்டதாயினும் அதன் நரம்பமைதி நமக்கு அயலன்று.

எனினும் நம் இசையை அதில் வாசிக்கப் புகுவார்க்கு இரண்டு இடையூறுகள் உள. நம் இசைக்குக் கமகம் உயிர். மெட்டின்மேல் அழுத்திய தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தே அதனைப் பிறப்பித்தல் வேண்டும். இரட்டைத் தந்திகளை ஒருங்கே இழுப்பதோ கடினம். அன்றியும், மாண்டலினின் ஒலி மீட்டியவுடன் விரைந்து தேய்ந்துவிடும். இவ்விரு குறைகளையும் வென்று காட்டியவர் உ. ஸ்ரீநிவாஸ் ஆவர். அவர் 1969-ஆம் ஆண்டில் ஆந்திர நாட்டுப் பாலக்கொல்லு என்னும் ஊரிற் பிறந்தார். இரட்டைத் தந்திகளை நீக்கி ஐந்து ஒற்றைத் தந்திகளை அமைத்து, மின்விசையால் ஒலியைப் பெருக்கும் மாண்டலினை மேற்கொண்டார். ஒற்றைத் தந்தி இழுத்த இழுப்புக்கு வளைந்தது. மின்விசை ஒலியை நீட்டித் தந்தது. 1978-இல் குடிவாடாவில் முதன்முறை மேடையேறி, 1981-இல் சென்னையில் இந்தியன் பைன் ஆர்ட்ஸ் சொசைட்டியின் ஆதரவில் வாசித்தபோது அவருக்கு வயது பன்னிரண்டே. 1998-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள், நாற்பத்தைந்தாம் வயதிற் காலமானது இசையுலகிற்கு நேர்ந்த பேரிழப்பு.

இவர் வரலாற்றில் நம்மனோர் உளங்கொளத்தக்க செய்தி ஒன்றுண்டு. இவர்தம் ஆசிரியராகிய ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணாக்கர். மாண்டலின் வாசிக்க அறியாதவர். ஆசிரியர் பாடுவார், பாலகர் அதனைச் செவியில் வாங்கிக் கருவியில் இறக்குவார். விரலின் வழி இன்னதென்று காட்டுவார் ஒருவருமில்லை. எனவே, காதே விரலுக்கு ஆசிரியராயிற்று. இக்கருத்தைப் பின்னரும் எடுத்துக்கொள்வாம்.

நிற்க. முகாம் என்பது யாது? மேனாடுகளில் ஒரே கருவியை வாசிப்போர் கோடையில் ஓரிடத்துக் கூடி, உடனுறைந்து, வல்லாரிடம் பயின்று, இரவிற் சேர்ந்து வாசித்து மகிழும் வழக்கம் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில், டேவிட் கிரிஸ்மன், மைக் மார்ஷல் என்னும் மாண்டலின் வல்லுநர் இருவர் 2004-ஆம் ஆண்டில் இத்தகைய ஒருவாரப் பயிற்சியைத் தொடங்கி நடத்தினர். நம் நாட்டிலோ குருகுலவாசமே பண்டைய முறை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், மாதவி ஐந்தாம் வயதிற் கற்கத் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னீராண்டில் அவையேறினாள் என்று காண்கின்றோம். ஏழாண்டு எங்கே? ஏழு நாள் எங்கே? ஏழு நாளில் ஒருவரை வாசிப்பவராக ஆக்குதல் எவராலும் இயலாது. ஆனால் முன்னரே வாசிப்பவர் ஒருவரின் பிழையைக் காட்டவும், வழியைத் திருத்தவும், ஊக்கத்தைத் தூண்டவும் ஏழு நாள் போதும். ஆகவே கொண்டு சென்றவர்க்கே முகாம் கொடுக்கும்; வெறுங்கையோடு சென்றவர் வெறுங்கையோடு மீள்வர்.

இதனை யாம் நூலிற் கற்றிலேம், நாணத்தோடு கற்றோம். எம்மிடமுள்ள மாண்டலின் எம் தாயைப் பெற்ற பாட்டனாருடையது. அவரை எங்கள் பக்கத்தில் அப்புச்சி என்று அழைப்போம். ஆலயப் பாடகர் குழுவில் கீர்த்தனைகளுக்கு அவர் பல்லாண்டு வாசித்த கருவி அது. முதுமையால் விரல்கள் மடங்காவாகவே, அதனை எம் கையில் ஒப்புவித்தார். சென்ற கோடையில் நீலகிரி மலைமேல் நடந்த ஒரு முகாமிற்கு யாம் ஓர் ஆயத்தமுமின்றிச் சென்றோம். தேர்வுக்காலம் முழுவதும் உறையினின்றும் எடுக்கப்படாத கருவி அது. இரண்டாம் நாள் இடக்கை விரல்நுனிகள் கொப்புளித்தன. மூன்றாம் நாள் மெல்லிய தந்தி ஒன்று அறுந்தது. மாற்றுத் தந்தி எம்மிடம் இல்லை. எஞ்சிய நாட்களில் பிறர் வாசிக்கப் பின்வரிசையில் அமர்ந்து கேட்டிருந்தோம். வீடு மீண்டதும் அப்புச்சி எம் விரல்களைத் தம் கையில் வாங்கிப் பார்த்தார். சினந்திலர். "போறதுக்கு முன்னாலயே பாதி வழி போயிருக்கோணும், கண்ணு" என்று மட்டும் கூறிக் கருவியை வாங்கித் துடைத்து வைத்தார். அச்சொல்லின் விரிவுரையே இனி வருவது.

முதலாவது, விரல். வீட்டில் நாளொன்றுக்கு அரைமணி வாசிப்பவர் முகாமில் ஐந்து ஆறு மணி வாசிக்க நேரிடும். எஃகுத் தந்தி இரட்டையாய் நிற்பதனால் அழுத்தமும் மிகுதியாக வேண்டும். ஆதலின் ஆறு வாரங்களுக்கு முன்னரே தொடங்குதல் நன்று. முதல் வாரம் காலையும் மாலையும் பதினைந்து நிமிடம். பின்னர் வாரந்தோறும் சிறிது சிறிதாக மிகுத்தல் வேண்டும். இவ்வாறு செய்யின் விரல்நுனித் தோல் கொப்புளியாமல் தடிக்கும். ஒரே நாளில் மூன்று மணி வாசித்து இரண்டு நாள் ஓய்வது கேடு. மணிக்கட்டிலோ முழங்கையிலோ நோவு தோன்றின் உடனே நிறுத்துக. நோவைப் பொறுத்து வாசிப்பது வீரமன்று. மெட்டின் மேலேயன்றி அதற்குச் சற்றுப் பின்னே அழுத்தினால் குறைந்த வலிமையே போதும் என்பதனையும் நினைவிற் கொள்க. வலக்கை, வில்லையைக் கீழும் மேலும் மாறிமாறி ஓட்டப் பழகல் வேண்டும். இதற்குச் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் ஆகியவற்றை மூன்று காலங்களிலும் வாசிப்பதினும் சிறந்த பயிற்சி இல்லை. முதற்காலம் வழுவாதவனுக்கே மூன்றாங்காலம் கைவரும்.

இரண்டாவது, தந்தி. பழந்தந்தி ஒலி மழுங்கும். முகாமில் அறுந்தும் போகும். புதுத்தந்தியோ, இட்ட சில நாள் நீண்டுகொண்டே இருந்து சுருதியில் நில்லாது. எனவே புறப்படும் நாளுக்கு ஒரு வாரம் முன்னர்த் தந்தி மாற்றுவதே தக்கது; முந்திய இரவில் மாற்றுதல் தவறு. எட்டையும் ஒருங்கே கழற்றலாகாது. மாண்டலினின் குதிரை பெரும்பாலும் ஒட்டப்படாமல் தந்திகளின் அழுத்தத்தாலேயே நிற்பது. எல்லாவற்றையும் கழற்றினால் அது இடம் பெயரும். ஒன்றைக் கழற்றி அவ்விடத்து ஒன்றை இட்டபின்னரே அடுத்ததைத் தொடுக. குதிரை தன் இடத்தில் உள்ளதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டினால், வெறுந்தந்தியின் சுரமே மேல் ஸ்தாயியில் ஒலித்தல் வேண்டும். ஏறியோ இறங்கியோ ஒலிப்பின் குதிரை நகர்ந்துளது என்று துணிக. மாற்றுத் தந்தி இரண்டு தொகுதியும், மெல்லிய தந்தி மட்டும் தனியே நான்கும் உடன்கொண்டு செல்க. முதலில் அறுவது பெரும்பாலும் அதுவே.

மூன்றாவது, செவி. மேற்கூறிய ஸ்ரீநிவாஸின் கல்விமுறை இங்கே வழிகாட்டும். முகாமில் ஆசிரியர் ஒரு சங்கதியைப் பாடுவார் அல்லது வாசிப்பார்; மாணாக்கர் உடனே திருப்பிச் சொல்லல் வேண்டும். ஏட்டைப் பார்த்தே பழகியவர் அங்கே திகைப்பர். ஆதலின் நாள்தோறும் ஒரு சிறு பகுதியைப் பிறர் பாடக் கேட்டு, முதலில் வாயாற் பாடி, பின்னரே கருவியில் தேடுக. எமக்கு இதற்கு உதவியவை அப்புச்சி பாடும் கீர்த்தனைகள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலந்தொட்டே நம் சபைகளில் இராகத்தோடு பாடி வருதலின், ஞாயிறுதோறும் கேட்ட மெட்டுக்களே எமக்கு முதற்பாடமாயின. பிறர்க்குத் தேவாரமோ திரைப்பாட்டோ தாலாட்டோ அவ்வாறு அமையலாம். சுருதி கூட்டுதலையும் செவியாற் பழகுக. இருபது பேர் கூடினால் நூற்றறுபது தந்திகள்! அவற்றுள் ஒன்று பிசகினும் அவை முழுதும் கசக்கும். கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி உண்டெனினும், அது செவிக்குத் துணையேயன்றிச் செவிக்கு மாற்றாகாது.

நான்காவது, பாடம். பலவற்றை அரைகுறையாகக் கொண்டு செல்வதினும் மூன்றைச் செவ்வையாகக் கொண்டு செல்வது மேல். ஒரு வர்ணம், ஒரு கீர்த்தனை, எல்லாரும் உடன்வாசிக்கத்தக்க எளிய மெட்டு ஒன்று ஆகிய இம்மூன்றும் ஏடு பாராமல், தாளம் பிசகாமல் வருதல் வேண்டும். இவற்றோடு ஐயம் ஒன்றையும் எழுதிக்கொண்டு செல்க. "எனக்கு ஒன்றும் வரவில்லை" என்பார்க்கு ஆசிரியர் யாது கூறுவார்? "இவ்விடத்துக் காந்தாரத்தை அசைக்கும்போது ஒலி அடைபடுகின்றது, ஏன்?" என்று கேட்பார்க்கு அரைநாழிகையில் விடை கிடைக்கும்.

ஐந்தாவது, பிரயாணம். கொங்குநாட்டுக் கோடையில் பூட்டிய வண்டிக்குள் கருவியை விட்டுச் செல்லுதல் கூடாது. மிகுந்த வெப்பத்தில் பசை இளகி மரம் பிரியும். அவிநாசியினின்று மேட்டுப்பாளையம் வழியாக மலையேறுவோர் சில மணி நேரத்திலேயே வெப்பத்தினின்று குளிருக்குச் செல்கின்றனர். குளிரில் எஃகு சுருங்கிச் சுருதி ஏறும். ஈரக்காற்றில் மரம் பருக்கும். ஆகவே சேர்ந்தவுடன் உறையைத் திறவாமல் ஒரு மணி நேரமேனும் அறையில் வைத்திருந்து, பின்னர் மெல்லச் சுருதி கூட்டுக. கம்பளி, மென்துணி, எழுதுகோல், ஏடு, வில்லைகள் சில ஆகியவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவை யாவும் செய்தபின்னும் வேண்டுவது ஒன்றுண்டு, அது பணிவு. நம்மினும் இளையார் நம்மினும் நன்றாக வாசிப்பர். அதனைக் கண்டு பொறாமையும் வேண்டா, சோர்வும் வேண்டா. பின்வரிசையில் அமர்ந்து கேட்ட அந்நான்கு நாட்களில் யாம் ஒன்றேனும் பெற்றோமெனின், கேட்கக் கற்றதே அது.

வரும் கோடைக்காக இப்போது நாடோறும் மாலையில் அப்புச்சியின் முன்னிலையிற் பயில்கின்றோம். அவர் விரல் தந்தியை அழுத்தமாட்டாது. ஆயினும் இரண்டாம் இணையில் ஒரு தந்தி மயிரிழை தாழ்ந்தாலும் அவர் புருவம் நெரியும். அப்புருவம் நெரியாமல் ஒரு கீர்த்தனை முழுதும் வாசித்த மாலையிலேயே, முகாமின் முதல் நாள் எமக்குத் தொடங்கிவிட்டது என்று உணர்ந்தோம்.

தேர் நிலைக்கு வந்தபின் கூட்டம் கலைந்துவிடும். தச்சர் அடுத்த ஆண்டிற்கு அச்சினைப் பார்க்கத் தொடங்குவர். நண்பர்காள்! மாண்டலினாயினும், வீணையாயினும், கல்லூரிப் பாடமேயாயினும், ஏழு நாளின் பயன் அதற்கு முன்னுள்ள எழுபது நாளில் அடங்கியுள்ளது. இன்றே கருவியை உறையினின்றும் எடுத்துச் சுருதி கூட்டுவீராக.