குழந்தைகளின் தேகம் கொரோனாவை எதிர்ப்பது எப்படி?

2012-ஆம் வருஷம் சவூதி அரேபியாவின் ஜித்தாவில் கண்டறியப்பட்ட மெர்ஸ் என்னும் கொரோனா வகை நோய் ஆனாலும், 2020 ஜனவரியில் வூஹானிலிருந்து வந்த ஒரு குடும்பத்தாரிடம் அமீரகத்தில் முதன்முதலாகத் தென்பட்ட கோவிட் ஆனாலும், பெரியவர்களைப் படுக்கையில் வீழ்த்திய அளவுக்குக் குழந்தைகளை வருத்தவில்லை என்பது விசேஷமாகக் கவனிக்கத்தக்கது.

காரணம் மூக்கிலேயே தொடங்குகிறது. நாசியின் உட்சவ்விலுள்ள உயிரணுக்களில், வைரஸின் வரவை உணரும் எம்.டி.ஏ.5 முதலிய புரதங்கள் குழந்தைகளிடம் முன்கூட்டியே மிகுந்திருப்பதால், கிருமி பெருகுவதற்கு முன்னரே இன்டர்பெரான் என்னும் பொருள் சுரந்து, அக்கம்பக்கத்து அணுக்களை எச்சரித்து ஆயத்தப்படுத்திவிடுகிறது. பெரியவர்களிடமோ அச்சுரப்பு தாமதிக்க, அந்த அவகாசத்தில் கிருமி நுரையீரல் வரை இறங்கிவிடக்கூடும். குழந்தையின் இரத்தத்தில் பிற்பாடு உண்டாகும் எதிர்ப்பொருள்களும் பெரும்பாலும் கிருமியின் முள் புரதத்தையே குறிவைக்கின்றன. கிருமி நெடுநாள் பெருகாததே இதற்கு ஹேது என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள்.

ஆயினும் அபூர்வமாக, தொற்று கண்ட இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள், அந்த எதிர்ப்புச் சக்தியே கட்டுமீறி இருதயம், குடல் முதலிய உறுப்புகளில் அழற்சியை விளைவிப்பதுண்டு. துபாயிலோ ஷார்ஜாவிலோ வாழும் நம் பெற்றோர், தொற்று நீங்கிய குழந்தைக்கு விடாத ஜுரமும் கண்சிவப்பும் வயிற்றுவலியும் கண்டால், தாமதியாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டுகிறேன்.