இரண்டரை டிக்கெட்டில் கடற்கரை
கைக்கு எட்டிய விடுமுறை – 9

ஏப்ரல் முதல் வாரம். காட்கோபர் கிழக்கில் எங்கள் காமராஜ் நகரில் விடியற்காலைத் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்: "யக்கா, எங்கயாவது கடலப் பாத்துக்கிட்டு மூணு நாளு சும்மா உக்காந்துட்டு வரணும். கையில எட்டாயிரந்தான் இருக்கு. நடக்குமா?"

அவள் கரோடியா நகரில் இரண்டு வீடுகளில் சமைக்கிறாள். மே மாதம் என்றால் ஊர். எங்கள் பகுதியில் முக்கால்வாசிப் பேருக்கு விடுமுறையின் இன்னொரு பெயரே அதுதான். ஒன்றரை நாள் ரயில், அம்மன் கோயில் கொடை, ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, மொய், எடுத்துக் கொடுக்கும் சேலைகள். அங்கே போனாலும் அவள் நிற்பது அடுப்படியில்தான். திரும்பி வரும்போது கடன் இருக்கும். ஜூன் பிறந்ததும் பள்ளிச் செலவு வாசலில் நிற்கும். இந்த ஆண்டு ரயிலில் இடம் கிடைக்கவில்லை. முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. காலை எட்டு மணிக்குத் திறந்த சற்று நேரத்தில் தெற்கே போகும் வண்டிகள் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விட்டன.

ஊருக்குப் போவது வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அது உறவு, கடமை. ஆனால் ஓய்வு என்பது வேறு. "சும்மா உக்காந்துட்டு வரணும்" என்று அவள் சொன்னதைத்தான் நோட்டில் முதல் வரியாக எழுதினேன். ஸ்டவ்வும் அரிசியும் கட்டிக்கொண்டு போய் அறையிலேயே சமைத்தால் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு மிச்சமாகும் என்றார் அவள் கணவர். கணக்கு சரிதான். ஆனால் அந்த மிச்சத்தை அவளுடைய ஓய்விலிருந்து எடுக்கிறோம். இந்தத் தொடரில் எட்டு வாரமாக எங்கெங்கே செலவைக் குறைக்கலாம் என்றே எழுதி வந்திருக்கிறேன். குறைக்கக் கூடாத இடம் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். மூன்று நாளும் அவள் கை கரண்டியைத் தொடக் கூடாது. இதை முடிவு செய்துவிட்டுத்தான் மற்றதையெல்லாம் பார்த்தோம்.

செலவில் இன்னொன்றையும் சேர்த்தோம். வீட்டு வேலை செய்பவர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு என்பது பெரும்பாலும் கிடையாது. போகாத நாளுக்குப் பிடித்தம் உண்டு. அந்தப் பிடித்தமும் பயணச் செலவுதான். அதனால் ஒரு மாதம் முன்பே இரண்டு வீட்டிலும் சொல்லச் சொன்னேன். ஒரு வீட்டில் பிடிக்கவில்லை, இன்னொரு வீட்டில் பிடித்தார்கள்.

இனி, எங்கே போவது? கோவா அவள் மகளின் ஆசை. போகவர இரண்டு நாள் கரைந்துவிடும், அறை வாடகையும் கட்டுப்படியாகாது. காட்கோபரிலிருந்து அரை நாளில் போய்ச் சேரும் தூரத்தில் கொங்கணக் கரை இருக்கிறது. குர்லா நேரு நகர் டிப்போ நமக்குப் பக்கம். அலிபாக்குக்கு நேரே பஸ் கிடைக்காவிட்டால் பன்வேல் போய் மாறிக்கொள்ளலாம். நாங்கள் தேர்ந்தெடுத்தது அலிபாக்குக்குத் தெற்கே ஓரிரு ஊர் தள்ளியிருக்கும் ஆக்ஷி. சவுக்குத் தோப்பு, பாக்கு மரங்களும் தென்னையும் நிறைந்த தோட்டங்கள், நடுவில் ஓட்டு வீடுகள். மராத்தியின் மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று கிடைத்த ஊர் அது.

பஸ் கணக்குப் போட்டபோது அவளே சிரித்துவிட்டாள். மகாராஷ்டிர எஸ்.டி. பஸ்களில் 2023 மார்ச் 17 முதல் பெண்களுக்குப் பாதிக் கட்டணம். 75 வயது கடந்தவர்களுக்கு 2022 ஆகஸ்டிலிருந்து இலவசம். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு அரை டிக்கெட். அவள் அரை, பதினாலு வயது மகள் அரை, பத்து வயது மகன் அரை, கணவர் ஒன்று, எழுபத்தாறு வயது மாமியாருக்கு ஆதாரைக் காட்டினால் ஒன்றுமில்லை. ஐந்து பேருக்கு இரண்டரை டிக்கெட்! நாலைந்து ஊர் சுற்ற நினைப்பவர்களுக்கு எஸ்.டி.யில் 'ஆவடேல் தேதே ப்ரவாஸ்' என்று நாலு நாள், ஏழு நாள் பாஸ் உண்டு. பிடித்த இடத்துக்கெல்லாம் ஏறி இறங்கலாம். ஒரே ஊரில் உட்காரப் போகிறவளுக்கு அது வேண்டியதில்லை.

கிழமை முக்கியம். சனி, ஞாயிறு என்றால் மும்பையும் புனேயும் சேர்ந்து அந்தக் கரையில் இறங்கும், வாடகையும் ஏறும். போன ஆண்டு ஒரு சனிக்கிழமை நாங்கள் முன்பணம் அனுப்பிவிட்டுப் போனபோது, பேசி வைத்த அறையை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கைக்குழந்தையோடு இரவு ஒன்பது மணிக்குத் தெருத்தெருவாக அறை தேடினோம். அதனால் திங்களன்று போய்ப் புதனன்று திரும்புவது என்று வைத்தோம். அங்கே 'கர்குத்தி' என்று பலகை மாட்டிய வீடுகள் உண்டு. வீட்டுக்காரர்களே அறை கொடுத்துச் சமைத்தும் போடுவார்கள். மின்விசிறி அறை போதும் என்றால் வாடகை நன்றாகக் குறையும். போனில் பேசும்போதே சாப்பாடு தட்டுக்கு எவ்வளவு, சைவம் எவ்வளவு, மீன் எவ்வளவு என்று கேட்டுவிட வேண்டும். காலையிலேயே இத்தனை பேர் என்று சொன்னால்தான் மதியம் இலை விழும். எட்டாயிரத்தில் பாதி அறைக்கு. அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடாது என்று கோடு போட்டேன். மீதியில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கு. பாங்டா என்று அங்கே சொல்வது நம் அயிலைதான். வஞ்சிரத்துக்கு ஆசைப்பட்டால் தட்டின் விலை ஏறும்.

எந்த வாரம் போவது என்பதைத் தீர்மானித்தது அவள் வீட்டுச் சுவரில் தொங்கிய தமிழ் நாட்காட்டி. அலிபாக் கடலுக்குள் சிவாஜி காலத்துக் குலாபா கோட்டை இருக்கிறது. நீர் வற்றும்போது நடந்தே போகலாம். ஏறினால் வழி மூழ்கிவிடும். இந்தக் கரையில் ஒரு வாய்க்கணக்கு உண்டு. திதியை முக்காலால் பெருக்கினால் கடல் முழுதாக ஏறி நிற்கும் மணி வரும். அதற்கு ஆறு மணி முன்னும் பின்னும் வற்றம். அஷ்டமி என்றால் எட்டு முக்கால் ஆறு. ஆறு மணிக்கு ஏற்றம், பன்னிரண்டுக்கு வற்றம். நாளுக்கு நாள் கடல் ஏறுவது முக்கால் மணியளவு தள்ளிப்போவதால் இந்தக் கணக்கு நிற்கிறது. ஆனால் அஷ்டமியில் வற்றம் அரைகுறை. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டித்தான் கடல் நிறைய ஏறி நிறைய இறங்கும். அப்படியென்றால் பௌர்ணமி கழிந்த துவிதியை, திருதியை: ஏற்றம் பகல் ஒன்றரை, இரண்டேகால், வற்றம் காலை ஏழரை, எட்டேகால். வெயில் ஏறுமுன் கோட்டைக்குப் போய்வரத் தோதான நேரம். விரலை வைத்து எண்ணிக் கட்டம் கட்டமாக நகர்ந்து, மே மாதத்தில் திங்களும் துவிதியையும் சேரும் நாளை அவளே கண்டுபிடித்தாள். இது குத்துமதிப்புதான். கரையில் உயிர்காப்பாளரைக் கேட்காமல் ஒரு காலும் முன்வைக்கக் கூடாது. மாமியாருக்குக் குதிரை வண்டி. கோட்டைக்குள் கணபதி கோயிலும், உப்புக் கடல் சூழ்ந்திருந்தும் நல்ல தண்ணீருள்ள குளமும் இருக்கின்றன.

மே கடைசிக்குத் தள்ள வேண்டாம் என்றும் சொன்னேன். பருவமழை மும்பையைத் தொடுவது வழக்கமாக ஜூன் இரண்டாம் வாரம். அதற்கு முன்பே கடல் கொந்தளிக்கத் தொடங்கி, கேட்வேயிலிருந்து மாண்ட்வா போகும் படகுகள் நின்றுவிடும். திரும்பி வர மட்டும் படகு வைத்தோம்: ரேவஸிலிருந்து பாவ்ச்சா தக்காவுக்கு லாஞ்சு. இறங்கி டாக்யார்டு ரோடு ஸ்டேஷன், குர்லாவில் மாறினால் காட்கோபர். பிள்ளைகளுக்கு ஒரு கடல் பயணமும் ஆயிற்று.

அந்தக் கரையைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் சாலிம் அலி நினைவு வரும். ஜெர்மனியில் பறவையியல் படித்துவிட்டு 1930-ல் திரும்பியபோது அவருக்கு வேலையில்லை. பம்பாய் வாழ்க்கை கட்டுப்படியாகாமல், அலிபாக்குக்கு வடக்கே கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடிபோனார். அங்கே மணிக்கணக்காக உட்கார்ந்து தூக்கணாங்குருவிகளைப் பார்த்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி பின்னி நிறுத்தும். பெண் குருவி வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதியை முடிக்கும். பிறகு அதே ஆண் அடுத்த கூட்டை ஆரம்பிக்கும். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த ஆய்வுகளில் அது ஒன்று. கையில் காசில்லாத காலத்தில் ஒரு மனிதர் கடலோரத்தில் உட்கார்ந்து பார்த்ததன் பலன். பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லி அனுப்பினேன்.

புதன் இரவு திரும்பினார்கள். செலவு ஏழாயிரத்து எண்ணூறு சொச்சம். தோளில் அலிபாக் வெள்ளை வெங்காயச் சரம். தாளோடு சேர்த்துச் சடை போலப் பின்னி சாலையோரத்தில் தொங்கவிட்டு விற்பார்கள். உரித்துப் பச்சையாகக் கடித்தால் காரத்துக்கு முன் இனிப்புத் தெரியும். எனக்கு நாலு பிய்த்துக் கொடுத்தாள்.

"கோட்டைக்குப் போனீங்களா?" என்றேன்.

"போனோம்க்கா. அவுகளும் பிள்ளையளும் ஒரே ஆட்டம்." கொஞ்சம் நிறுத்தினாள். "நேத்து மத்தியானம் சாப்புட்டுட்டு அந்தச் சவுக்குத் தோப்புல பாய விரிச்சுப் படுத்தேன். கண்ணு முழிச்சா மணி அஞ்சு. ஐயோ, சாயா போடலியேன்னு பதறி எந்திரிச்சேன் பாத்துக்கோங்க. அந்த வீட்டம்மா டம்ளரோட நிக்கா."

(தொடரும்)