அருளர் (இசைத்தொகுப்பு)

அருளர் என்பது எம்.ஐ.ஏ. என்ற மேடைப்பெயரால் அறியப்படும் பிரித்தானியத் தமிழ்ப் பாடகியின் முதல் இசைத்தொகுப்பு ஆகும். இவரது இயற்பெயர் மாதங்கி அருள்பிரகாசம். மாயா என்றும் அழைக்கப்படுவார். இலண்டனைச் சேர்ந்த எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் நிறுவனம் இத்தொகுப்பை 2005ஆம் ஆண்டின் முற்பகுதியில் வெளியிட்டது. பாடல்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. ஆனால் தொகுப்பின் பெயர் தமிழ்ப் பெயர். அது பாடகியின் தந்தை ஈழ அரசியலில் வைத்துக்கொண்ட புனைபெயர். சிறு வயதில் தன்னுடன் இல்லாத தந்தையின் பெயரை ஒரு மகள் ஏன் தன் முதல் படைப்புக்கு வைத்தார் என்பதைத் தெரிந்துகொண்டால் இத்தொகுப்பு எளிதில் விளங்கும்.

வகை: சொல்லிசை, மின்னணு நடன இசை
வெளியீடு: 2005
நிறுவனம்: எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ்
அடுத்த தொகுப்பு: கலா (2007)

கிரைம் இசை

இத்தொகுப்பு உருவான காலத்தில் இலண்டன் இளைஞரிடையே பரவியிருந்தது கிரைம் என்னும் இசை வகை. தமிழில் எழுதும்போது இதைக் குற்றம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்தக் கிரைமுக்கு ஒட்டிப் படிந்த அழுக்கு, கரிப்பிசுக்கு என்று பொருள். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்கு இலண்டனின் போ போன்ற பகுதிகளில், மாநகராட்சி அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வளர்ந்த கறுப்பின இளைஞர்கள் இதை உருவாக்கினார்கள்.

கிரைம் இசையின் தாளம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 அடி வேகத்தில் ஓடும். ஒலி கரடுமுரடாகவும் தாழ்சுருதி நெஞ்சில் இடிப்பதாகவும் இருக்கும். திருவிழாவில் ஆளுயர ஒலிபெருக்கிக்கு அருகில் நின்றவர்களுக்கு அந்த அதிர்வு பழக்கமானதே. பாடுவோர் மெட்டுப் போட்டுப் பாடுவதில்லை. தாளத்தின் மேல் சொற்களை வேகமாக அடுக்குவார்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுப்பார். ஒருவரை ஒருவர் சீண்டுவார்கள். நம் ஊர்ப்புறங்களில் எசப்பாட்டுக் கேட்டவர்களுக்கு இந்த முறையும் புதிதாகத் தோன்றாது.

இந்த இசை குழுக்களால் வளர்ந்தது. உரிமம் பெறாத வானொலிகளில் குழுவாகச் சென்று பாடுவதே இளைஞர்களுக்குக் கிடைத்த மேடை. வைலி என்பவர் தொடங்கிய ரோல் டீப் அவற்றில் புகழ்பெற்ற குழு; அதன் முதல் இசைத்தொகுப்பும் 2005ஆம் ஆண்டில்தான் வந்தது. அக்குழுவிலிருந்து தனியே வந்த டிசி ராஸ்கல், தனது 18ஆம் வயதில் 2003ஆம் ஆண்டின் மெர்க்குரி பரிசைப் பெற்றார். அவரது தொகுப்பை வெளியிட்டதும் எக்ஸ்எல் நிறுவனமே.

எம்.ஐ.ஏ. இந்தக் குழுக்களைச் சேர்ந்தவர் அல்லர். அவர் வளர்ந்தது தெற்கு இலண்டனில். கிரைம் இசையின் கூர்மையும் வேகமும் இவர் பாடல்களில் உண்டு. அவற்றோடு யமைக்காவின் டான்ஸ்ஹால், பிரேசிலின் தெருவோர நடன இசை, அமெரிக்க ஹிப்ஹாப் ஆகியவையும் கலந்துள்ளன. பிறருக்குப் பின்னால் ஒரு குழு நின்றது. இவர் தனி அறையில் ஒரு கருவியோடு தொடங்கினார்.

பெயரின் பின்னணி

எம்.ஐ.ஏ.வின் தந்தை அருள்பிரகாசம், 1975இல் இலண்டனில் தொடங்கப்பட்ட ஈழப் புரட்சி அமைப்பை (ஈரோஸ்) உருவாக்கியவர்களில் ஒருவர். அருளர் என்ற பெயரில் எழுதினார். 1977ஆம் ஆண்டின் இனவன்முறைக்குப் பின் கொழும்பிலிருந்து கப்பலில் வடக்கே அனுப்பப்பட்ட தமிழ் அகதிகளைப் பற்றிய 'லங்கா ராணி' என்னும் புதினம் இவருடையது. ஈழத்தமிழ் அகதி இலக்கியத்தின் முன்னோடி நூல்களுள் ஒன்றாக அதைக் கொள்ளலாம். தந்தை தமிழில் எழுதியதும் மகள் ஆங்கிலத்தில் பாடியதும் ஒரே பொருளைப் பற்றி என்பது கவனிக்கத்தக்கது.

பல வெளிநாட்டு ஏடுகள் இவரை விடுதலைப் புலிகள் இயக்கத்தவர் என்று எழுதின. அது தவறு. ஈரோஸ் தனி அமைப்பு.

போராட்ட வாழ்வின் காரணமாகத் தந்தை தலைமறைவாக இருந்தார். எப்போதாவது வீட்டுக்கு வந்தாலும், பாதுகாப்புக் கருதிப் பிள்ளைகளிடம் அவரை மாமா என்றே அறிமுகப்படுத்தினர். அந்தப் பெயரைத் தொகுப்புக்கு வைத்தால், இணையத்தில் தன் பெயரைத் தேடும் தந்தை தன்னைக் கண்டுகொள்வார் என்று எம்.ஐ.ஏ. எண்ணினார். எண்ணம் பலித்தது. செய்தித்தாளில் மகளைப் பற்றிப் படித்த தந்தை, பெருமைப்படுவதாகவும் தொகுப்பின் பெயரை மாற்றிவிடும்படியும் மின்னஞ்சல் அனுப்பினார். மகள் பெயரை மாற்றவில்லை.

இளமைக்காலம்

மாதங்கி 1975 ஜூலை 18 அன்று இலண்டன் ஹவுன்ஸ்லோவில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் யாழ்ப்பாணம் சென்றது. போர் நெருங்கியபோது குடும்பம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. சில காலம் சென்னையிலும் வறுமையில் வாழ்ந்தது. 1986இல் தாய் கலா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அகதியாக இலண்டன் திரும்பினார். தெற்கு இலண்டன் மிச்சம் பகுதியிலுள்ள ஃபிப்ஸ் பிரிட்ஜ் குடியிருப்பில் அவர்களுக்கு வீடு கிடைத்தது. தாய் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்.

பத்து வயதைக் கடந்த பிறகு மாதங்கி பள்ளியில் ஆங்கிலம் கற்க வேண்டியிருந்தது. ஆசிரியப் பணியில் இருந்தவர்களுக்கு இந்த நிலை தெரியும். ஊர் மாறி, மொழி மாறி வகுப்புக்கு வரும் பிள்ளை முதல் சில மாதங்கள் வாயே திறக்காது. அதற்கு எல்லாம் புரியும். சொல்ல மட்டும் சொல் இருக்காது. அத்தகைய ஒரு பிள்ளைதான் பிற்காலத்தில் சொல்லையே இசையாக்கியது.

பின்னர் இவர் இலண்டனின் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படமும் காட்சிக்கலையும் பயின்றார். முதலில் அறியப்பட்டது ஓவியராகத்தான். மேடைப்பெயருக்கு இரு பொருள் உண்டு: போரில் காணாமற்போனவர் என்பது ஒன்று, இலண்டனில் தாம் அப்போது வாழ்ந்த ஆக்டன் பகுதியில் காணாமற்போனவர் என்பது இன்னொன்று. இலங்கையில் காணாமற்போன உறவினர் ஒருவரின் நினைவும் அப்பெயருக்குப் பின்னால் இருந்தது.

உருவாக்கம்

எலாஸ்டிகா என்னும் ராக் இசைக்குழுவின் 2000ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு அட்டைப்படம் செய்ததோடு, அவர்களது பயணத்தைப் படம்பிடிக்கவும் எம்.ஐ.ஏ. உடன் சென்றார். அப்பயணத்தில் பீச்சஸ் என்ற பாடகி, ரோலண்ட் எம்.சி.-505 என்னும் கருவியை இவருக்கு அறிமுகப்படுத்தினார். தாள ஒலிகள், சுருதி ஒலிகள், அவற்றை வரிசைப்படுத்திப் பதியும் வசதி ஆகிய மூன்றும் ஒரே பெட்டியில் அடங்கிய கருவி அது. வாத்தியக்காரர்களோ ஒலிப்பதிவுக் கூடமோ இல்லாமல் ஒருவர் தனியாக ஒரு பாடலின் எலும்புக்கூட்டை அதில் அமைத்துவிடலாம். முறையான இசைப்பயிற்சி இல்லாத எம்.ஐ.ஏ. தமது படுக்கையறையில் அதை இயக்கிப் பழகினார்.

அதில் உருவான மாதிரிப் பாடல்களுள் 'கலாங்' ஒன்று. ஸ்டீவ் மக்கே, ராஸ் ஆர்ட்டன் ஆகிய தயாரிப்பாளர்கள் அதைச் செப்பனிட உதவினர். 2003இல் சிறு நிறுவனம் ஒன்று அதை 500 இசைத்தட்டுகளாக மட்டும் வெளியிட்டது. அவை நடன அரங்குகளிலும் இணையத்திலும் பரவியதால் எக்ஸ்எல் நிறுவனம் இவரை ஒப்பந்தம் செய்தது.

பிற இசைப் பதிவுகளிலிருந்து எடுத்துப் பயன்படுத்திய பகுதிகளுக்கு அனுமதி பெறவேண்டியிருந்ததால் தொகுப்பு தாமதமானது. அந்த இடைவெளியில், 2004இல், அமெரிக்க இசைத்தட்டாளர் டிப்லோவுடன் சேர்ந்து ஒரு கலவைத் தொகுப்பை எம்.ஐ.ஏ. உருவாக்கினார். அனுமதி பெறாத இசைத்துண்டுகள் நிறைந்த அது கடைக்கு வராமலேயே கைமாறிப் புகழடைந்தது.

பாடல்கள்

தொகுப்பு முழுவதும் 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இடையிடையே சிறு பேச்சுத்துண்டுகள் வருகின்றன. முதலில் வருவதே அப்படியொரு துண்டு: வாழைப்பழத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை, தொடக்கப்பள்ளியில் ஒப்பிப்பதுபோல் அசை பிரித்துச் சொல்கிறார். கேட்பவருக்கு வேடிக்கையாகத் தோன்றும். அகதிப் பிள்ளையின் முதல் ஆங்கில வகுப்பை நினைத்துக் கேட்டால் அது வேடிக்கையாக மட்டும் இருக்காது.

'புல் அப் தி பீப்பிள்' ஏழை எளியவர்களின் எழுச்சியைப் பேசுகிறது. 'பக்கி டன் கன்' டிப்லோ தயாரித்தது. பிரேசில் பாடகி டெய்சி டிக்ரோனாவின் பாடலொன்றை அடிப்படையாகக் கொண்டது. அந்தப் பாடலோ 'ராக்கி' என்ற அமெரிக்கத் திரைப்படத்தின் புகழ்பெற்ற இசையைத் தழுவியது. ஓர் இசைத்துண்டு அமெரிக்காவிலிருந்து பிரேசில் சென்று, இலண்டன் வந்து, ஈழத்தமிழ்ப் பெண்ணின் குரலோடு சேர்ந்த கதை இது. 'அமேசான்' கடத்தப்பட்டவரின் நிலையையும், '10 டாலர்' பாலியல் தொழிலில் சிக்கிய சிறுமியின் நிலையையும் பேசுகின்றன.

'சன்ஷவர்ஸ்' பாடல் 1970களின் அமெரிக்கப் பாடலொன்றின் பல்லவியை எடுத்தாள்கிறது. மேலே இனிமையான மெட்டு; உள்ளே, சந்தேகத்தின் பேரில் முத்திரை குத்தப்பட்டுச் சுடப்படும் மனிதர்களின் கதை. இதன் காணொளி தென்னிந்தியக் காட்டில் படமாக்கப்பட்டது.

வரவேற்பும் சர்ச்சையும்

விற்பனையில் தொகுப்பு பெரிய வெற்றி பெறவில்லை. பிரித்தானியப் பட்டியலில் முதல் 50 இடங்களுக்குள்கூட வரவில்லை. விமர்சகர்களோ இதைக் கொண்டாடினர். 2005ஆம் ஆண்டின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. பல இதழ்களின் ஆண்டிறுதிப் பட்டியல்களிலும் இடம்பிடித்தது.

எதிர்ப்பும் எழுந்தது. அட்டையில் எம்.ஐ.ஏ.வின் முகத்தைச் சுற்றி பீரங்கி வண்டிகளும் துப்பாக்கிகளும் புலிகளும் அச்சுப்படங்களாக இருந்தன. இது வன்முறையைப் போற்றுவது என்றனர் சிலர். அகதி வாழ்வை அலங்காரப் பொருளாக்குவது என்றனர் வேறு சிலர். 'சன்ஷவர்ஸ்' பாடலில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தைக் குறிக்கும் சொல்லை நீக்கவோ விளக்கவோ வேண்டும் என்று எம்டிவி தொலைக்காட்சி கேட்டது. எம்.ஐ.ஏ. உடன்படாததால் காணொளி அங்கே ஒளிபரப்பாகவில்லை.

இந்தக் குறைகளை முற்றிலும் தள்ளிவிட முடியாது. பாடல்கள் பல வேளைகளில் முழக்கங்களாக நின்றுவிடுகின்றன. போரின் சிக்கல்களை விளக்குவதில்லை. ஆயினும் போருக்குள் வளர்ந்த குழந்தை முதலில் பார்ப்பது பீரங்கியையும் துப்பாக்கியையும்தான். அதன் வரைபடப் புத்தகத்தில் பூ மட்டும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பின்வந்த தொகுப்புகள்

2007இல் வந்த இரண்டாம் தொகுப்புக்குத் தாயின் பெயரான 'கலா' சூட்டப்பட்டது. பின்னர் 'மாயா' (2010), 'மாதங்கி' (2013) எனத் தம் பெயர்களே தலைப்புகளாயின. குழு இல்லாமல் தொடங்கியவர் தம் குடும்பத்தையே பெயர் பெயராகக் கூட்டி வைத்தார் எனலாம்.

'கலா' தொகுப்பின் வேலைகளில் ஒரு பகுதி சென்னையில் நடந்தது. உறுமி போன்ற நம் தோற்கருவிகளின் ஒலி அதில் கேட்கிறது. அதன் முதல் பாடலில் 'தளபதி' (1991) படத்தின் 'காட்டுக்குயிலு' பாடலிலிருந்து ஒரு பகுதி எடுத்தாளப்பட்டுள்ளது. அந்தப் பாடலுக்கு இசையமைத்த இளையராஜா, கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். அனுமந்தன்பட்டி, உத்தமபாளையம் பகுதி மாணவர்களுக்கு இது பக்கத்து ஊர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருவர் இலண்டனில் இசைத்தட்டு வெளியிடும்போது பண்ணைப்புரத்து இசையும் கூடச் சென்றிருக்கிறது.

இத்தொகுப்பிலுள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' உலகப் புகழ் பெற்றது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக ஏ. ஆர். ரகுமானுடன் எம்.ஐ.ஏ. இணைந்த பாடல் 2009இல் ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

மதிப்பீடு

அருளர் தமிழ் இசையா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. மொழியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இல்லை என்பதே விடை. ஆனால் தமிழர் வாழ்வைப் பதிவு செய்த ஆவணம் எது என்று கேட்டால், இதை ஒதுக்க முடியாது. 1980களில் ஈழத்திலிருந்து புறப்பட்டவர்கள் தமிழ்நாட்டு முகாம்களிலும், கனடாவிலும், ஐரோப்பிய நகரங்களின் அடுக்குமாடிகளிலும் தங்கினார்கள். அவர்களின் பிள்ளைகள் பேசிய மொழி இடத்துக்கு இடம் மாறியது. வீட்டில் ஒருவர் இல்லாத குறை எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருந்தது. அந்தக் குறையைத் தலைப்பிலேயே எழுதிய தொகுப்பு இது.

தந்தை அருளர் 2019இல் மறைந்தார். அதே ஆண்டில் பிரித்தானிய அரசு எம்.ஐ.ஏ.வுக்கு எம்பிஇ என்னும் அரச விருதை அறிவித்தது. அந்த விருதுப் பதக்கங்களைக் கையால் தைக்கும் வேலையைத் தம் தாய் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குறைந்த கூலிக்குச் செய்துவந்ததாக எம்.ஐ.ஏ. அப்போது தெரிவித்தார்.